ரெமிஜியஸின் ஐந்தாவது கண்காட்சி

ரெமிஜியஸுக்கு உட்காரத் தெரியாது. காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். பீன்யா தொழிற்பேட்டையில் முப்பத்தொரு வருடம் லேத் மெஷின் முன்னால் நின்ற கால்கள் அவருடையவை. கம்பெனியை மூடி ஆறு வருடம் ஆகியும் அவை அடங்கவில்லை. காலையில் எழுந்ததும் கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போடுவார். போட்ட கீலுக்கே சாயங்காலம் மறுபடி போடுவார். நன்றாக இருக்கிற குழாயைக் கழற்றி ஒழுக விடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட அவர் கண் பீடத்தின் மேல் இருக்காது, மேலே ஃபேன் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அவரைப் போன ஜூனில் சமுதாயக் கல்லூரியின் மாலை நேர ஓவிய வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போன புண்ணியவான் நான்தான். என் பெயர் சாமிநாதன், தபால் ஆபீசிலிருந்து ரிடையர் ஆனவன், அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். தனியாகப் போக வெட்கமாக இருந்தது, துணைக்குக் கூப்பிட்டேன், அவ்வளவுதான். ஆனால் அங்கே நடந்ததை என் கண்ணையே நம்பாமல் பார்த்தேன். பிரஷைக் கையில் எடுத்த மனிதர் இரண்டு மணி நேரம் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. நான்தான் நடுவில் மூன்று முறை டீ குடித்துவிட்டு வந்தேன்.

கல்லூரியின் கீழ்த்தளத்தில் ஒரு காலரி இருக்கிறது. ஜூலை முதல் நவம்பர் வரை மாதம் ஒரு கண்காட்சி. வகுப்பில் இருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் கொடுக்கலாம். யாராவது ஒரு படத்தை வாங்கினால் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டுவார்கள். வாங்கியவர் யார் என்று கடைசி ஞாயிற்றுக்கிழமை வரை யாரும் கேட்கக் கூடாது. காலரியைப் பார்த்துக்கொள்ளும் பிரிஜெட் மேடம் போட்ட சட்டம் அது. முன்பு ஒரு மாணவர் வாங்கியவர் வீட்டுக்கே போய், படத்தை மாட்டிய சுவர் சரியில்லை என்று சண்டை பிடித்தாராம்.

ரெமிஜியஸின் மனைவி ஜூடித், பள்ளிக்கூட டீச்சர். வகுப்பிலும் வீட்டிலும் அவருக்கு ஒரே குரல். மகன் ஆஷ்லி ஹெப்பால் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் அப்பாவுக்கு செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை பேசி வைத்திருந்தான். டீச்சர் ஒரு கெடு வைத்தார்.

"இந்த அஞ்சுல ஒண்ணையாவது யாராவது ஆசைப்பட்டு அவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும். அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லன்னா டிசம்பர் ஒண்ணாம் தேதி டியூட்டில ஜாயின் பண்ணிடணும். கால் நிக்கத்தானே கேக்குது? கேட்ல நிக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு மணி நேர டியூட்டி என்றால் வகுப்புக்கு எங்கே வருவது? ஆனால் டீச்சரிடம் அதைச் சொல்லும் தைரியம் அந்தத் தெருவில் எவனுக்கும் கிடையாது, எனக்கும்தான்.

ஜூலையில் மாம்பழம் வரைந்தார். புள்ளி விழவில்லை. ஆகஸ்டில் அல்சூர் ஏரி. செப்டம்பரில் வீட்டுப் பூனை; பார்த்தவர்கள் எல்லாம் முயல் நன்றாக இருக்கிறது என்றார்கள். அக்டோபரில் மழையில் ஒரு மரம். ஒன்றுக்கும் புள்ளி இல்லை. அந்த மாதம் நான் வரைந்த கத்தரிக்காய்க்குக்கூட ஒரு புள்ளி விழுந்தது. அன்று அவர் எனக்குக் கை கொடுத்துவிட்டு, வீடுவரை நான்கடி முன்னாலேயே நடந்தார்.

நவம்பருக்குத் தலைப்பு 'வேலை'. அவர் பீன்யா ஷெட்டை வரைந்தார். ஒரே இருட்டு. கறுப்பு மெஷின், அதன் பின்னால் இன்னும் கறுப்பாக இன்னொரு மெஷின். ஓரத்தில் முதுகைக் காட்டி ஒரு ஆள் நிற்கிறான்.

"ஒரு லைட்டையாவது போடுங்க ரெமி," என்றேன்.

"அன்னைக்குக் கரெண்ட் கட் பண்ணிட்டாங்க சாமி," என்றார். எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. அவரே சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டு மாட்டினார்.

அதன் பிறகு தினமும் மதியம் ஒன்றரைக்குப் போய்ப் பார்ப்பார். அந்த நேரத்தில் காலரியில் ஆள் இருக்காது, வந்து வந்து எட்டிப் பார்க்கிறார் என்று யாரும் சிரிக்க மாட்டார்கள். புதன்கிழமை போன் வந்தது.

"சாமி, விழுந்துடுச்சுப்பா! புள்ளி விழுந்துடுச்சு!"

ஓடினேன். ஆமாம், கண்ணாடியின் மேல் மூலையில் சிவப்பாக ஒரு புள்ளி. மற்ற புள்ளிகள் பெயர்ச்சீட்டின் மேல் இருக்கின்றனவே, இது மட்டும் ஏன் கண்ணாடி மேல் என்று ஒரு நொடி தோன்றியது. சந்தோஷத்தில் இருப்பவனிடம் போய் அதையா சொல்வேன்? வியாழக்கிழமை மதியமும் போய்ப் பார்த்தார், இருந்தது. சாயங்காலத்துக்குள் இறைச்சிக் கடைவரை சேதி போய்விட்டது. ஆஷ்லிக்குப் போன் போட்டு, வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டீச்சர், "யாரோ எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி நான் ஒரு தரம் பாத்துடறேன்," என்று மட்டும் சொன்னார். அதுவரை ஒரு கண்காட்சிக்கும் வராதவர், வெள்ளிக்கிழமை மதியம் பர்மிஷன் போட்டுவிட்டு வந்தார். அழைக்காமலேயே நானும் போனேன்.

மூவரும் படத்தின் முன் நின்றோம். புள்ளி இருந்தது. ரெமிஜியஸ் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தார். அப்போது பின்னாலிருந்து ஈரக் கையோடு தனக்கோடி வந்தார். காலரியைப் பெருக்கித் துடைத்துக் காவலும் இருக்கிற அம்மா, பக்கத்து ஜீவனஹள்ளிக்காரர். "கொஞ்சம் வழி விடுங்க சார்," என்று நடுவில் புகுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். படத்தைப் பார்த்துத் தலையைச் சரிசெய்தார். பிறகு அந்தச் சிவப்புப் புள்ளியை நகத்தால் பெயர்த்து நெற்றியில் ஒட்டிக்கொண்டார்.



"அது... உன் பொட்டாம்மா?" என்றேன்.

"ஆமா சார். சாப்பிடப் போறப்ப இங்க ஒட்டி வெச்சுட்டுப் போவேன், மூஞ்சி கழுவிட்டு வந்து எடுத்துப்பேன். இந்த வாரம் பாத்ரூம்ல கண்ணாடி ஒடைஞ்சு போச்சு. மத்த படமெல்லாம் பளிச்சுன்னு கலரா இருக்கு, மூஞ்சி தெரியல. இந்தப் படம்தான் கறுப்பு, கண்ணாடியில நல்லா தெரியுது."

ரெமிஜியஸின் கால்கள் நின்றுவிட்டன. அப்படி அசையாமல் நின்று நான் அவரைப் பார்த்ததே இல்லை. இந்த மனிதரை ஏன் வகுப்புக்குக் கூப்பிட்டோம் என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. ஆஷ்லிக்குத் திரும்பப் போன் போட வேண்டும், இறைச்சிக் கடைக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் பக்கத்தில் நிற்கிற டீச்சர்.

டீச்சர் எங்களைப் பார்க்கவில்லை. மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, படத்தின் கீழ் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அந்த ஆளின் கால் பக்கத்தில், துணியில் கட்டிய ஒரு டிபன் கேரியர் இருந்தது. நான் அதுவரை அதைக் கவனித்ததே இல்லை.

"இது என் கேரியர்," என்றார். "முடிச்சு நான் போட்டது. ரெட்டை முடிச்சு."

ரெமிஜியஸ் தலையை ஆட்டினார்.

"கம்பெனி மூடின அன்னைக்குத்தானே? எலுமிச்சம் சாதம். ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு வந்து சொன்னீங்க. இதுல முடிச்சு அவுக்கவே இல்லையே."

"எறங்கல ஜூடி. வர்ற வழியில நாய்க்குப் போட்டுட்டேன்."

டீச்சர் நிமிர்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் குரல், வகுப்பிலும் வீட்டிலும் ஒன்றாக இருக்கிற குரல், அப்போது வேறாக இருந்தது.

"ஏம்மா, பொட்டு இன்னொண்ணு இருந்தா குடு."

டீச்சர் நெற்றியில் எங்கள் தெருவில் யாரும் பொட்டைப் பார்த்தது கிடையாது. தனக்கோடி பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். டீச்சர் ஒன்றைப் பிய்த்து, படத்தின் பெயர்ச்சீட்டின் மேல், சரியான இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

ரெமிஜியஸ் வாயைத் திறந்தார்.

"வாங்குனது யாருன்னு ஞாயித்துக்கிழமை வரைக்கும் கேக்கக் கூடாது," என்றார் டீச்சர். "சட்டம் தெரியுமில்ல?"

சுவரோரம் தனக்கோடியின் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. ரெமிஜியஸ் அதில் போய் உட்கார்ந்தார். காலரியைப் பூட்டும்வரை எழுந்திருக்கவில்லை.