மிச்சப் பட்டியல்

இதை நான் நிரூபிக்கப் போறதில்ல. நடந்துச்சு, அவ்வளவுதான். நம்பறவங்க நம்புங்க, மத்தவங்க சிரிச்சுட்டுப் போங்க. பேய்னா நடுராத்திரியில, கரண்ட் போனப்புறம்தான் வரும்னு நானும் நெனச்சுட்டு இருந்தவன்தான். எனக்கு வந்தது ஞாயித்துக்கிழமை மத்தியானம். வெளியே வெயில் கொளுத்திட்டு இருந்துச்சு, உள்ளே ஏசி ஓடிட்டு இருந்துச்சு.

நான் புரோகிராம் எழுதறவன். எங்க கம்பெனி வயசானவங்களுக்கு ஒரு பட்டன் கொடுக்கும். கழுத்துல மாட்டிக்கணும். கீழ விழுந்தாலோ, நெஞ்சு வலிச்சாலோ அமுக்கணும். எங்க ஆபீஸ்ல மணி அடிக்கும், போன் பண்ணுவோம், ஆம்புலன்ஸ் அனுப்புவோம். அமுக்கினாலும் அமுக்காட்டியும் அந்தக் கருவி நிமிஷத்துக்கு ஒரு ரெக்கார்டை கிளவுட்ல இருக்கற டேட்டாபேஸுக்கு அனுப்பிட்டே இருக்கும். அந்த ரெக்கார்டுகளை எடுத்துப் படிக்கற புரோகிராம் நான் எழுதினது. அதுல எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. உண்டு இல்ல... இருந்துச்சு.

ஒரு பெரியவர் எங்களுக்கு வெள்ளிக்கிழமை தவறாம போன் பண்ணுவார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஆபீஸ்ல எல்லாரும் அவரை டிரைவர் ஐயான்னுதான் சொல்வோம். பதினாலு மாசத்துக்கு முன்னாடி அவர் மருந்து வாங்கக் கடைக்குப் போன நேரத்துல, அவர் மனைவி வீட்டுல தனியா விழுந்து இறந்துட்டாங்க. எங்க கம்பெனி கொடுத்த அறிக்கையில ஒரே வரி. 'பட்டன் அழுத்தப்படவில்லை.'

"தம்பி, அவ அமுக்கினாளா, இல்லையா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க." இதேதான். வாராவாரம்.

"அமுக்கலைய்யா. எத்தனை தடவை சொல்றது?" நானும் பல தடவை வள்ளுன்னு விழுந்திருக்கேன். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

போன வெள்ளிக்கிழமை அவர் கூடுதலா ரெண்டு வார்த்தை சொன்னார். "அமுக்கியிருந்தா உங்க தப்பு. அமுக்கலைன்னா என் தப்பு, நான் அவளுக்கு ஒழுங்கா சொல்லித் தரல. எதுன்னு தெரிஞ்சாப் போதும் தம்பி. நிம்மதியாக் கண்ணை மூடிடுவேன்."

எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. அதுவும் இல்லாம, புது டேட்டாபேஸுக்கு மாறிட்டதால பழைய டேட்டாபேஸை ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மொத்தமா அழிக்கப் போறோம்னு மேனேஜர் சொல்லியிருந்தார். அதுக்கப்புறம் கடவுளே வந்து கேட்டாலும் பதில் இருக்காது. சரி, கடைசியா ஒரு தடவை எடுத்துப் பார்த்துக் கொடுத்துட்டா மனுஷன் வாயை மூடுவார்னு ஞாயித்துக்கிழமை ஆபீஸுக்குப் போனேன்.

மணி 3:05. பக்கத்து ரூம்ல டூட்டியில ஒரே ஒரு ஆள், போன் அக்கா. மணி அடிச்சா முதல்ல எடுக்கறது அவங்கதான்.

"லீவு நாள்ல என்னடா இங்க? வீட்டுல தொரத்திட்டாங்களா?"

"வேலைக்கா."

"பார்றா, அதிசயத்தை!"

ஒரு நாளைக்கு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு 1440 ரெக்கார்டு. ஒவ்வொண்ணாக் கேட்டா விடிஞ்சிடும். அதனால நூறு நூறா மொத்தமாக் கேட்போம். மளிகைக் கடையில நூறு சாமானுக்குச் சீட்டு நீட்டற மாதிரிதான். கடையில கூட்டம் இருந்தா தொண்ணூறு சாமானைக் கொடுத்துட்டு, மிச்சப் பத்தை வேற சீட்டுல எழுதித் திருப்பிக் கொடுப்பாங்க. 'இதை அப்புறம் கேளுங்க.' டேட்டாபேஸும் அப்படித்தான் ஒரு மிச்சப் பட்டியல் கொடுக்கும். அது தப்பு இல்ல. நாம திருப்பிக் கேட்கணும், அவ்வளவுதான்.

அந்த அம்மா இறந்த நாளை எடுத்துக்கிட்டேன். பதினஞ்சு தடவையாக் கேட்டேன். என் புரோகிராம் ஓடி முடிஞ்சு எண்ணிக்கை காட்டுச்சு.

1429.

பதினொண்ணு குறையுது.

புரோகிராமைத் தள்ளிட்டு, டேட்டாபேஸ் அனுப்பின பதிலை நேராத் திறந்து பார்த்தேன். கீழ மிச்சப் பட்டியல் இருந்துச்சு. பதினோரு நிமிஷம். சாயங்காலம் 4:12ல இருந்து 4:22 வரைக்கும்.

நான் எழுதின புரோகிராம் அந்தப் பட்டியலைப் பார்க்கவே இல்ல. அந்தப் புரோகிராமோட பழைய வரிகளைத் தேடினேன். அந்த இடத்துல என் கையாலயே ஒரு குறிப்பு எழுதி வச்சிருந்தேன். 'மிச்சத்தைத் திருப்பிக் கேட்கணும். பிறகு செய்யலாம்.' மூணு வருஷம் ஆச்சு. செய்யல. மணி அடிக்க வைக்கறதும், அறிக்கை எழுதறதும் இதே புரோகிராம்தான்.

அந்த அம்மா இறந்த அன்னிக்கு ஊர் பூரா கரண்ட் போய் வந்த நாள். எல்லார் கருவியும் ஒரே நேரத்துல அனுப்பியிருக்கும், டேட்டாபேஸ் திணறியிருக்கும். அது புரியுது. ஆனா இன்னிக்கு? ஞாயித்துக்கிழமை. ஈ, காக்கா இல்ல. இப்ப ஏன் திருப்பி அனுப்பணும்?

அந்தப் பதினொண்ணை மட்டும் கேட்டேன். 3:41.

மிச்சம்: 11.

ஒரு நிமிஷம் விட்டுக் கேட்டேன்.

மிச்சம்: 11.

திரும்பத் திரும்பக் கேட்கற மாதிரி நாலு வரி எழுதி ஓட விட்டேன். பத்து செகண்டுக்கு ஒரு தடவை. பதினொண்ணு... பதினொண்ணு... பதினொண்ணு...

3:52.

மிச்சம்: 12.

ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. மிச்சப் பட்டியல்ல நாம கேட்டது மட்டும்தான் வரும். கேட்காதது வராது. வரவே முடியாது. நான் கேட்டது பதினொண்ணு.

பன்னெண்டாவதைப் பார்த்தேன். அதே அம்மாவோட கருவி எண். ஆனா தேதி... இன்னிக்குத் தேதி. நேரம் 3:52.

பக்கத்து ரூம்ல மணி அடிச்சுது.

ட்ரிங்.

"என்னடா இது?" அக்கா குரல். "மணி அடிக்குது, ஸ்கிரீன்ல யார் பேருமே இல்ல!"

மிச்சம்: 13. நேரம் 3:53.

ட்ரிங்.

"அக்கா... டிரைவர் ஐயாவுக்குப் போன் போடுங்க."

"எதுக்குடா?"

"போடுங்கக்கா!"

போட்டாங்க. ரிங் போயிட்டே இருந்துச்சு. எடுக்கல. இன்னொரு தடவை. எடுக்கல.

மிச்சம்: 14.

ட்ரிங்.

அக்கா என் மூஞ்சியைப் பார்த்தாங்க. என்ன ஏதுன்னு கேட்கல. "நீ ஓடு. நான் ஆம்புலன்ஸை அனுப்பறேன். சும்மா அனுப்பினேன்னு திட்டினா நான் வாங்கிக்கறேன்."

பைக்கை எப்படி ஓட்டினேன்னு ஞாபகம் இல்ல. 4:09க்கு அவர் வீட்டு வாசல்ல நின்னேன்.

கதவு லேசாத் திறந்திருந்துச்சு.

"ஐயா..."

தள்ளிட்டு உள்ளே போனேன்.

ஃபேன் சத்தம் மட்டும்.

சமையலறை வாசல்ல கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்துச்சு. கண்ணு திறந்திருந்துச்சு.

உயிர் இருந்துச்சு.

தரையில ஒரு தலைகாணி. அவர் தலை அது மேல இருந்துச்சு.

"ஐயா, நான்தான்யா, ஆபீஸ்ல இருந்து..."

உதடு அசைஞ்சுது. காதை வச்சுக் கேட்டேன்.

"வந்துடுவாங்கன்னு... சொன்னா."

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரல. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கற வரைக்கும் அவர் கையைப் பிடிச்சுட்டு, தரையை மட்டும் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவரை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு ஆபீஸுக்கு வந்தப்ப 5:48. அக்கா என் சீட்டுல உட்கார்ந்து ஸ்கிரீனையே பார்த்துட்டு இருந்தாங்க.

"நீ அங்க போய்ச் சேர்ந்த நேரத்துல மணி நின்னுடுச்சுடா. இதுலயும் பதினொண்ணுக்கு எறங்கிடுச்சு."

புரோகிராம் இன்னும் கேட்டுட்டே இருந்துச்சு. ஆறு மணிக்கு எல்லாம் அழிஞ்சிடும்.

5:55. மிச்சம்: 11.

5:56. மிச்சம்: 11.

"கொடுத்துடும்மா," அக்கா வாய்விட்டே சொன்னாங்க. "கொடுத்துடு தாயி."

5:57.

மிச்சம்: 0.

பதினோரு ரெக்கார்டும் வந்து விழுந்துச்சு. 4:12, அழுத்தினார். 4:13, அழுத்தினார். 4:14, அழுத்தினார்... பதினொண்ணும் அதேதான். பதினோரு நிமிஷம் அந்த அம்மா விடாம அமுக்கியிருக்காங்க. நான் பதினோரு தடவையும் தூக்கிப் போட்டிருக்கேன்.

அக்கா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. நான் மடமடன்னு நகல் எடுத்தேன். இன்னிக்குத் தேதியில வந்ததைத் தேடினேன். அப்படி ஒரு ரெக்கார்டே இல்ல. ஆறு மணிக்கு டேட்டாபேஸ் அழிஞ்சுது.

மூணு நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்கு வலது கை, வலது கால் விளங்காமப் போயிடுச்சு. பேச்சு கொஞ்சம் திரும்பியிருந்துச்சு. கதவை உள்ளே தாழ் போட்டுட்டுத்தான் சமையலறைக்குப் போனேன்னு நர்ஸ்கிட்ட சாதிச்சுட்டு இருந்தார். தலைகாணியைப் பத்தி நான் கேட்கல.

எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. சுத்தி வளைக்காமச் சொல்லிட்டேன். "ஐயா, அம்மா அமுக்கினாங்க. பதினோரு தடவை. நான்தான் பார்க்காம விட்டுட்டேன். தப்பு என்னுதுய்யா."

அடிப்பார்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவர் கண்ணுல இருந்து பொலபொலன்னு தண்ணி கொட்டுச்சு.

"பாவி நான்," அப்படின்னார். "ஒரு வருஷத்துக்கு மேல... அவ போட்டோ முன்னாடி நின்னு திட்டியிருக்கேன் தம்பி. ஒரு பட்டனை அமுக்கத் துப்பில்லையாடின்னு. கேட்டுட்டுத்தானே இருந்திருப்பா."

என்னால அங்க நிக்க முடியல. கிளம்பினேன். கதவுகிட்ட போனதும் கூப்பிட்டார்.

"அவ ஒருத்திதானா தம்பி?"

"தெரியலைய்யா," அப்படின்னேன். உண்மையிலேயே தெரியல. பழைய ரெக்கார்டு எல்லாம் போச்சு. இனிமே யாராலயும் பார்க்க முடியாது.

அடுத்த நாளே புரோகிராமைத் திருத்தினேன். மிச்சப் பட்டியல் காலியாகற வரைக்கும் திருப்பித் திருப்பிக் கேட்கும். புது டேட்டாபேஸ்ல சோதிச்சுப் பார்க்க நூறு கருவி எண்ணைக் கொடுத்தேன். நூறும் வந்துச்சு. கூடவே மிச்சப் பட்டியல்ல நாலு எண். நான் கேட்காத எண்கள். நாலும் பழைய டேட்டாபேஸ்ல இருந்தவங்க.

முதல் எண்ணைத் திருப்பிக் கேட்டேன். இல்லாத இடத்துல இருந்து பதில் வந்துச்சு. 'அழுத்தினார்.' ரெண்டாவது, 'அழுத்தினார்.' மூணாவதும்தான். அலமாரியில இருந்து அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். மூணு பேரும் இறந்துட்டாங்க. மூணு அறிக்கையிலும் அதே ஒரு வரிதான் இருந்துச்சு. மூணு வீட்டுக்கும் நானே போய் உண்மையைச் சொல்லிட்டு வந்தேன்.

நாலாவது எண்ணுக்கு நான் அறிக்கையைத் தேட வேண்டிய அவசியம் இல்ல. அது எங்க அம்மாவோட எண். அவங்க போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அந்தப் பட்டனை அவங்க கழுத்துல மாட்டிவிட்டதே நான்தான். 'ஏம்மா அமுக்காம விட்டே'ன்னு இத்தனை நாளா அவங்க மேல எனக்கு ஒரு கோவம் இருந்துட்டே இருந்துச்சு.

தினமும் காலையில அந்த எண் மிச்சப் பட்டியல்ல வருது. இன்னிக்கும் வந்துச்சு. அதை மட்டும் திருப்பிக் கேட்க வேண்டாம்னு புரோகிராம்ல தனியா ஒரு வரி எழுதி வச்சிருக்கேன்.