மூன்று வாக்கியத்துக்கு ஒரு நிறுத்தம்

தஞ்சாவூரில் நாங்கள் ஆண்டுதோறும் நடத்தும் பயிற்சிக்குப் பல நாடுகளிலிருந்து மனித உரிமைப் பணியாளர்கள் வருவார்கள். அவர்களிடம் தன் கதையைச் சொல்ல, கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா பஸ் ஏறி வருவார். நடவு வேலை செய்பவர். நகக்கண்ணில் சேற்றுக் கறை போகவே போகாது. கூலி கேட்டுத் தகராறு செய்ததாகக் காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட அவர் மகன் உயிரோடு திரும்பவில்லை.

வழக்குக் காகிதங்களை ஜவுளிக்கடைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். மூன்று வாக்கியம் சொல்லி நிறுத்துவார். நான் ஆங்கிலத்தில் சொல்வேன். முதல் வருடம் நான்தான் அப்படிப் பழக்கினேன். பிறகு சைகை காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மகனின் சட்டையை அடையாளம் காட்டியதைச் சொல்லும் இடத்தில் மட்டும் வெகுநேரம் நிறுத்துவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“அங்கதான் சார் அவங்க அழுவாங்க. அழுது முடிக்கட்டும்னு இருப்பேன்.”

ஏழாம் வருடம், அரங்கத்துக்குள் நுழையும் முன் சொன்னார்: “போன மாசம் கேசு தள்ளுபடி ஆயிடுச்சு சார். அதையும் சொல்லவா?”

மறுநாள் எல்லோரும் ஊர் திரும்புகிறார்கள், நம்பிக்கையோடு போகட்டும் என்று நினைத்தேன்.

“வேண்டாம்மா. எப்பவும் முடிக்கிற மாதிரியே முடிச்சிடுங்க.”

“சரிங்க சார்.”

அரங்கத்தில் பேச்சின் முடிவில், “கேசு நடந்துக்கிட்டு இருக்கு. எப்படியும் ஜெயிச்சிடுவேன்” என்று சொல்லி நிறுத்தினார். பிறகு, நான் மொழிபெயர்ப்பதற்காக என்னைப் பார்த்தார்.

நான் மொழிபெயர்த்தேன்.