வெர்லாவின் காலைக் கூட்டம்

பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே, ஆற்றோரத்து மர ஆலையில் வெர்லா ஹால்வர்சன் காலைக் குழுவின் மேற்பார்வையாளராக இருந்தார். அவருக்கு முன்பிருந்தவர் நடத்திய கூட்டங்கள் புலம்பலிலேயே கரைந்தன. ஒருவர் குளிரைக் குறை சொல்வார், இன்னொருவர் கையுறையை; முதல் மரம் அறுபடுவதற்குள் குடுவைக் காப்பி ஆறிவிடும்.

வெர்லா பொறுப்பேற்றதும் ஒரே ஒரு விதி போட்டார். குறையோடு வருபவர் தீர்வையும் கொண்டுவர வேண்டும். தீர்வு இல்லாதவர் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது. கூட்டம் சுருங்கிற்று, அறுபடும் மரம் கூடிற்று. தலைமை அலுவலகம் அந்த விதியை மற்ற ஆலைகளுக்கும் அனுப்பிவைத்தது. கணவர் போன பின் இரு பெண்களைத் தனியாக ஆளாக்கிய வெர்லாவுக்கு, வேலையில் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

ஜனவரியில் பட்டை உரிக்கும் இயந்திரத்தின் சங்கிலி, இளைஞன் க்ளைட்டின் வலக்கையை முழங்கையோடு கொண்டுபோயிற்று. மருத்துவமனையில் அவன் கண் விழித்ததும் வெர்லா கேட்டார்.

"நிறுத்திட்டுத்தானே சிக்குன பட்டைய எடுத்த?"

"நிறுத்திட்டுத்தான். அது நின்னப்புறமும் சில நேரம் ஒரு இழுப்பு இழுக்கும்."

"முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"எல்லாருக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியல, வெர்லா. எலக்ட்ரீஷியனுக்கே பிடிபடல. தீர்வு இல்லாம வந்தா நீங்கதான்..."

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெளியிலிருந்து ஆள் வரவழைத்துச் சங்கிலியைப் பழுது பார்த்தாயிற்று. ஆலையை மறுபடி ஓட்டலாம் என்று வெர்லா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. இவர்களுக்குத் தெரிந்து தனக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவு இருக்கிறது, அடுத்து யாருடைய கை போகும் என்பது புரியாமல் அவரால் பேனாவைத் தொட முடியவில்லை.

"இன்னைக்குத் தீர்வு யாரும் கொண்டுவர வேண்டாம்," என்றார் காலைக் கூட்டத்தில். "எதப் பாத்தா பயமா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

பனி ஒட்டிய காலணிகள் தரையில் உரசின.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பாஸ்," என்றது ஒரு குரல்.

பெரிய ரம்பத்தை ஓட்டும் பாஸ்கல், குழுவிலேயே மூத்தவர். "கூட்டம் நீளுது வெர்லா. உன் பேரு கெட்டுடப் போகுது," என்றார்.

"கெடட்டும். இன்னொருத்தன் கை போச்சுன்னு அவன் பொண்டாட்டிக்கு நான் போன் போட மாட்டேன்."

"இப்பக் கேக்குற. போன குளிர்காலத்துல நான் வாயத் தொறந்தப்ப என்ன சொன்ன?"

வெர்லாவுக்கு நினைவில்லை.

"'தீர்வோட வா, பாஸ்கல்'னு சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன்."

"எதப் பத்திச் சொல்ல வந்த?"

"அந்தச் சங்கிலியப் பத்தித்தான்."

வெர்லா மறுப்பார் என்று எதிர்பார்த்தார்கள். பாஸ்கல் சொன்னதை அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அதைப் பார்த்து ஒருவர், சின்ன ரம்பத்தின் தடுப்புத் தகடு ஆடுகிறது என்றார். அபாய மணி மேல் தளத்தில் கேட்பதே இல்லை என்றார் இன்னொருவர். பிறகு பேச்சு நிற்கவில்லை.

மேலாளர் ஹார்லன் வாசலில் வந்து நின்றார். "ஏன் இன்னும் ஓடல?"

"ஓடாது."

"யாரக் கேட்டு?"

"இவங்களக் கேட்டு. நான் கையெழுத்துப் போடல."

தகட்டை இறுக்கி, மணியை மாற்றிய பிறகே ஆலை ஓடிற்று. பனி உருகுவதற்குள் மேற்பார்வை வேறொருவர் கைக்குப் போனது. வெர்லாவைப் பலகை அடுக்கும் வரிசைக்கு அனுப்பினார்கள்.

பாஸ்கல் முன்பே எச்சரிக்க வந்ததையும், தான் அவர் வாயை அடைத்ததையும் சொல்லிவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை வெர்லா க்ளைட்டின் வீட்டுக்குப் போனார். சன்னல் திரை சற்று விலகி மூடிற்று. கதவு திறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனார்.