கஞ்சியில் ஒட்டிய பாலம்

இந்த ஐப்பசி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. மூன்றாவது நாளாக மழை. மருமகள் என் வேட்டிகளுக்குப் போடக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். வாசனை வந்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். "உள்ள வாங்க மாமா, சாரல் அடிக்குது" என்றாள். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ரயில் பாலங்களைச் சோதிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற புதிதில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குக் காகிதத்தில் கட்டுமானம் சொல்லிக்கொடுத்தேன். பதினான்கு பேர். ஒரு தாளை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலமாக வைத்தால் இரண்டு காசுக்கே தொய்ந்துவிடும். அதையே விசிறிபோல மடித்தால் முப்பத்தொரு காசு தாங்கும். சதுரம் சாயும், முக்கோணம் சாயாது. இதையெல்லாம் சொல்லும்போது என் குரலில் ஒரு தலைமைப் பொறியாளர் வந்து உட்கார்ந்துகொள்வார். நான் ஓய்வுபெற்றது என்னவோ ஆய்வாளராகத்தான்.

அந்தப் பதினான்கில் ஒருத்தி தேன்மொழி. அம்மா மண்ணச்சநல்லூரிலிருந்து வந்து எங்கள் மாடியில் ஒரு வீட்டில் சமைப்பவர். அப்பா அந்த ஊர் அரிசி மில்லில். பாலம் கட்டும் போட்டி வைத்தேன். ஒரே விதி: பாலத்தின் எடை முப்பது கிராமுக்கு மேல் போகக் கூடாது. மற்றவர்கள் கடைப் பசையில் ஒட்டியிருந்தார்கள். அவள் கஞ்சியில் ஒட்டியிருந்தாள். அன்றும் மழை. தராசு முப்பத்து நான்கு காட்டியது.

"கஞ்சி இன்னும் காயல சார். எங்கப்பா மில்லுல நெல்லு ஈரமா வந்தா, ஈரத்தக் கழிச்சுட்டுத்தான் கணக்குப் போடுவாங்க."

"இது நெல்லு இல்லம்மா. விதின்னா விதி."

"டேய், அது பாலமில்லடா, பழைய சோறு!" என்றான் ஒரு பையன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் பாலத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

செவ்வாயன்று வெயில் வந்தது. காய்ந்த பாலத்தை நிறுத்துப் பார்த்தேன். இருபத்தெட்டு கிராம். ஜெயித்த பையனின் பாலம் ஆறு புத்தகம் தாங்கியிருந்தது. இது பதினொன்றைத் தாங்கியது. பன்னிரண்டாவதை வைக்க எனக்குக் கை வரவில்லை.

அவளுக்குப் பரிசாக ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக்கொண்டு மண்ணச்சநல்லூர் போனேன். "இதுக்குப் போயா பஸ் ஏறி வந்தீங்க? உக்காருங்க சார்" என்று அந்த அம்மா காபி கொடுத்தார். தேன்மொழி பெட்டியைத் தொடவில்லை.

"எல்லார் முன்னாடியும் குடுங்க சார். வாங்கிக்கிறேன்."

நியாயமான பேச்சு. அடுத்த ஞாயிறு முதுகுவலி, வகுப்பு இல்லை என்றேன். அதற்கடுத்த ஞாயிறு உறவில் கல்யாணம் என்றேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா வேலையை விட்டுவிட்டார். மற்ற பிள்ளைகளும் வளர்ந்து சென்னை, பெங்களூர் என்று போய்விட்டார்கள். வகுப்பு நடந்த இடத்தில் இப்போது ஒன்பது கார்கள் நிற்கின்றன.

அன்று எனக்கு ஆன செலவு, பெட்டி தொண்ணூறு, பஸ்ஸுக்குப் போக வரப் பதினாறு. ஆக நூற்றாறு ரூபாய்.