பெரிய த்ராட்டில் மாட்டிய சித்தூர்க்காரர்

சித்தூர் பைபாஸ் ஓரத்து மெக்கானிக் அவர். ஒட்ட வெட்டிய தலை, காதோரம் மட்டும் நரை. எந்த இன்ஜினைத் தொடும் முன்பும் செருப்பைக் கழற்றிவிடுவார். என் டர்போ காரில் காற்று நுழையும் அந்த த்ராட்டில் பாடியைப் பெரிதாக மாற்றச் சொல்லி மூன்றாவது முறையாகப் போய் நின்றேன்.

“பவர் ஏறாது சார். காத்தத் தள்றது டர்போ. நான் வாசலப் பெருசாக்குறேன், அவ்ளோதான்.”

“ஆக்குங்க.”

“வண்டி நின்னுகினு இருக்கும்போது இன்ஜின் ஆஃப் ஆச்சுன்னா பழசையே மாட்டிடுவேன். அப்புறம் அழக்கூடாது.”

மாட்டி ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் ஏறியது, இறங்கியது, திணறியது. அணைந்தால் என் ஆசையும் அணைந்தது. பதறிப் பெடலை நோக்கிப் போன என் காலைத் தட்டினார்.

“தொடாத சார், இன்ஜின் கம்ப்யூட்டரு புது வாசலக் கத்துக்கினு கீது!”

பத்து நிமிடம் இருவரும் அசையவில்லை. பிறகு இன்ஜின் சீராக முணுமுணுத்தது.

அவரையும் ஏற்றிக்கொண்டு பாகாலா சாலையில் பெடலைத் தொட்டேன். தொட்டதுதான்! கார் துள்ளியது, மாந்தோப்புகள் பின்னால் ஓடின, நான் சிரித்தேன், அவர் என்னைவிட உரக்கச் சிரித்தார்.

“பவர் ஏறாதுன்னீங்களே?”

“லேது சார், லேது! இப்பவும் ஏறல! இன்னொரு வாட்டி மிதி!”

பாகாலாவில் எங்கள் இருவருக்கும் ஒரு வேலையும் இல்லை. பாகாலா வரை போனோம். ஏறாத பவருக்காக ஒரு மனிதர் அப்படிக் குதூகலித்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.