யாரும் விரும்பாத விருப்பப் பாடம்

எழில்மதி வழக்கறிஞராகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்தவர். அப்பா சுரங்கத்தில் ஃபிட்டர். அவர் சம்பளத்தில் பி.எல். முடித்தார், தொழிலுக்கு வந்து மூன்று வருடம் கழித்துத் தன் சம்பாத்தியத்தில் எல்.எல்.எம். சேர்ந்து, அதையும் முடித்தார். அந்த மூன்று எழுத்துகளின் மீது அவருக்கு இருந்த மரியாதை கலியன் வழக்கோடு போயிற்று.

கலியன் கம்மாபுரம் பக்கத்துக்காரர், காண்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியை வாரிப் போடும் வேலை. பத்தொன்பது வருடம் வாரியதில் விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் வருகைப் பதிவுக்குக் கைரேகை இயந்திரம் வைத்தபோது, பல நாட்கள் அது அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. 'நீ உள்ளே போ, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சூப்பர்வைசர் அனுப்பிவிடுவார். கலியன் உள்ளே போய் ஷிப்ட் முழுக்க வேலை செய்வார். வருடக் கடைசியில், எழுபத்திரண்டு நாள் வேலைக்கு வரவில்லை என்று சொல்லி அவரை நிறுத்திவிட்டார்கள்.

வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனது. எதிர்த்தரப்பு ஒரு எக்செல் தாளைக் கொடுத்தது. எழில்மதி வாங்கிப் பார்த்தார். கட்டம் கட்டமாகச் சுத்தமாக இருந்தது. தேதிகளைச் சரிபார்த்துவிட்டு, ஆட்சேபம் எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். தன் பங்குக்கு மூன்று தொழிலாளிகளைச் சாட்சி சொல்ல வைத்தார். கலியன் எங்களோடுதான் வேலை செய்தார் என்று மூவரும் சொன்னார்கள். தீர்ப்பு மூன்று மனிதர்களை விட்டுவிட்டு ஒரு தாளை நம்பியது.

சில மாதங்கள் கழித்து, வேறொரு வழக்குக்காகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் தான் செய்தது என்ன என்று அவருக்கு விளங்கியது. அந்தத் தாள் இயந்திரம் தந்ததல்ல. இயந்திரத்திலிருந்து எடுத்து, வேண்டியதை வைத்து வேண்டாததை விட்டு, ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் தொகுத்தது. கலியனின் விரலை ஏற்காமல் தள்ளிய ஒவ்வொரு முறையும் இயந்திரத்துக்குள் மணி, நிமிடத்தோடு பதிவாகியிருக்கும். அந்த மூலப் பதிவைக் கொண்டுவரச் சொல்லி ஒரு மனுப் போட்டிருக்கலாம். தாளைத் தொகுத்தவரைக் கூண்டில் ஏற்றி நான்கு கேள்விகள் கேட்டிருக்கலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. விசாரித்தபோது, அந்த இயந்திரத்தையே மாற்றிவிட்டார்கள், பழைய பதிவும் அதோடு போயிற்று என்று தெரிந்தது.

கலியனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எதையும் மறைக்காமல் சொன்னார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். கலியன் தன் விரல்களைப் பார்த்தார்.

"மிசினு பொய் சொல்லிடுச்சின்னு நெனச்சிகினு இருந்தேன், வக்கீலம்மா. நீங்க சொல்றதப் பாத்தா அது நெசத்த வச்சிகினுதான் இருந்திருக்குது. நம்மதான் கேக்கல."

அந்த 'நம்ம' எழில்மதியைச் சுட்டது. கேட்க வேண்டியவர் கலியன் அல்லவே. அதற்காகத்தானே ஒருத்தியைப் படிக்கவைத்துக் கருப்புக் கோட்டு மாட்டி அனுப்பியது நாடு. சட்டம் என்றால் என்ன என்று எல்.எல்.எம்.மில் இருநூறு பக்கம் எழுதியிருக்கிறார். கடமை என்றால் என்ன, உரிமை என்றால் என்ன என்றும் எழுதியிருக்கிறார். ஒரு மனிதர் ஓரிடத்தில் இருந்தாரா இல்லையா என்று இன்றைக்குத் தீர்மானிக்கும் பொருள் எது என்று அந்த இரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்து கால் நூற்றாண்டு ஆகிறது.

படித்த கல்லூரிக்கே போனார். அவருக்குப் பாடம் எடுத்த ராஜாங்கம்தான் இப்போது முதல்வர். கலியன் வழக்கைச் சொல்லி, எல்.எல்.எம்.மில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைக் கட்டாயப் பாடமாக்குங்கள் என்று கேட்டார். அது பாடத்திட்டத்தில் பதினாலு வருடமாகவே இருக்கிறது, விருப்பப் பாடமாக. நீங்கள் யாரும் விரும்பவில்லை என்றார் ராஜாங்கம். நிரூபிக்க, அலுவலக உதவியாளர் சிங்காரவேலைக் கூப்பிட்டுப் பழைய விருப்பப் படிவங்களைக் கொண்டுவரச் சொன்னார்.

படிவங்கள் வந்தன. வருடம் எதுவானாலும் ஒரே கையெழுத்து, சிங்காரவேலுடையது. கல்லூரியில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் உண்டோ அந்தப் பாடத்துக்கு எதிரே டிக். எழில்மதியின் படிவமும் இருந்தது, அடியில் அவருடைய கையொப்பத்தோடு. சேர்ந்த அன்று சிங்காரவேல் ஒரு கட்டுத் தாளை நீட்டி, 'சைன் மட்டும் போடுங்க மேடம், மத்தத நான் ஃபில் பண்ணிக்கறேன்' என்றது நினைவுக்கு வந்தது. தூணில் வைத்துப் போட்ட கையொப்பம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கட்சிக்காரர்களுக்கு அப்போதே அவர் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பாராட்ட இதில் ஒன்றும் இல்லை.

"அதெல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரம், எழில்," என்றார் ராஜாங்கம். "மாஸ்டர்ஸுக்கு தியரிதான் முக்கியம். மிஷினப் பத்தித் தெரியணும்னா ஐ.டி.ஐ. இருக்கே."

"ஐ.டி.ஐ. படிச்சவர்தான் சார் அந்த ஷீட்டத் தயார் பண்ணார். எல்.எல்.எம். படிச்ச நான் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தேன்."

எழில்மதி பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். கட்டாயமாக்குவது பற்றி அங்கிருந்து பேச்சே வரவில்லை. படிவத்தை மாணவர்களே நிரப்ப வேண்டும் என்று மட்டும் ஒரு கடிதம் வந்தது. அந்த வருடம் பத்தொன்பது பேர் தங்கள் கையால் எழுதினார்கள். ஆறு பேர் தகவல் தொழில்நுட்பச் சட்டம் என்று எழுதியிருந்தார்கள்.

உடனே ஒரு விதி முளைத்தது. விருப்பப் பாடம் நடத்தக் குறைந்தது பத்துப் பேர் வேண்டுமாம். 2016 என்று தேதியிட்ட உத்தரவின் அச்சுப் பிரதியைக் காட்டினார்கள். இந்தத் தடவை எழில்மதி தாளை வாங்கவில்லை. கணினியில் இருக்கும் கோப்பை அப்படியே மெயிலில் அனுப்புங்கள் என்றார். சிங்காரவேல் கள்ளங்கபடமில்லாமல் அனுப்பிவைத்தார். கோப்பின் விவரத்தைத் திறந்தால், உருவாக்கிய நாள் 2016 அல்ல; தாளைக் காட்டிய அதே நாள், மாலை மூன்று இருபது.

பழைய உத்தரவு ஒன்றை இன்று தட்டச்சு செய்திருக்கவும் கூடும். அந்த நியாயத்தையும் எழில்மதி யோசித்துப் பார்த்தார். பழைய தாளைக் காட்டுங்கள் என்று எழுதிக் கேட்டார். யாரும் காட்டவில்லை.

பத்து நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை வந்தது. சிறப்புச் சலுகையாக ஆறு பேருக்கும் அந்தப் பாடம் நடத்தப்படும். சனிக்கிழமைகளில் எழில்மதி வகுப்பெடுப்பார். ராஜாங்கமே போன் செய்து சந்தோஷம்தானே என்று கேட்டார். எழில்மதி நேரில் போய், சலுகை என்ற சொல்லை எடுக்கச் சொன்னார்.

"ஒரு வார்த்ததானே, எழில். கிளாஸ் நடக்குதுல்ல?"

"குடுத்த சலுகைய அடுத்த வருஷம் நிறுத்திடலாம், சார். சிலபஸ்ல இருக்கறத நடத்தறதுக்குப் பேரு சலுகை இல்ல."

அந்தச் சொல்லை எடுத்து, சுற்றறிக்கையைத் திருப்பி அடித்து ஒட்டினார்கள். இப்போது வகுப்பு நடக்கிறது. கலியனுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அவர் ஒரு முந்திரித் தோப்பில் காவலுக்கு இருக்கிறார். பாடம் இன்னமும் விருப்பப் பாடம்தான். ஆறு பேர் படிக்கிறார்கள். மீதிப் பதின்மூன்று பேர் அதை ஒரு மணி நேரம்கூடப் படிக்காமல் சட்டத்தில் முதுகலை ஆவார்கள். பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அதை நம்பி, வேலை போன ஒருவர் அவர்களிடமும் போய் நிற்பார்.