வெள்ளிக்கிழமை பதினோரு மணி

எங்கள் வீட்டில் தினக்காலண்டர் சுவாமி படத்துக்குப் பக்கத்திலேயே தொங்கும். காலையில் குளித்து விபூதி இட்டுக்கொண்டதும் நேற்றைய தாளைக் கிழித்துவிட்டு, இன்றைக்கு ராகு காலம் எப்போது, எமகண்டம் எப்போது என்று பார்ப்பேன். அதற்கப்புறம்தான் காபி. தறியில் புதுப் பாவு நூல் ஏற்றுவதற்கு அப்பா நேரம் பார்த்தார். நான் பைக் எடுப்பதற்கும் பார்த்தேன். ஒரகடம் பக்கத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்யும் கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்ததும் நேரம் பார்த்துத்தான். அங்கே பதினேழு வருடம் ஓடியது. வெளியே அனுப்பிய நேரத்தை மட்டும் நான் பார்க்கவில்லை.

அன்று முதல் ஷிப்ட் முடிந்ததும் எங்கள் லைன் ஆட்களையெல்லாம் கேண்டீனில் உட்கார வைத்தார்கள். ஆளுக்கு ஒரு டீயும் ஒரு சமோசாவும் வந்தது. லைனை வேறு மாநிலத்துக்குக் கொண்டு போகிறோம், உங்களுக்கு வேலை இல்லை என்று சொன்னார்கள். அந்தச் சமோசாவைத் தின்பதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோரும் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். நான் என்னுடையதைப் பேப்பரில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஒரு மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிடும் என்று நினைத்தேன். மாதம் ஆறாயிற்று, பிறகு வருடம் தாண்டியது. எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் என் மனைவியும் இன்னொன்றில் அவள் தம்பியும் நெய்கிறார்கள். அவர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்தேன், சோறு வடித்தேன், கோயிலுக்குப் போனேன். விடிகாலையில் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது மட்டும் எங்கே பார்ப்பதென்று தெரியாது. வேறு லைனில் இருக்கிறவர்கள் இன்னும் அதில் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் படாமல் கோயிலுக்குப் பின்தெரு வழியாகப் போகப் பழகிக்கொண்டேன்.

என்னை அரித்தது வயது. ஆள் வேண்டும் என்கிற விளம்பரங்களில் எல்லாம் நாற்பத்தைந்துக்குள் என்றுதான் போட்டிருக்கும். எனக்கு நாற்பத்து நான்கு. அது முடிந்துவிட்டால் விண்ணப்பம் போடக்கூட இடம் இருக்காது என்று பயந்தேன்.

பயோடேட்டாவை பிரிண்ட் எடுத்ததும் கல்யாணப் பத்திரிகைக்குச் செய்வதுபோல நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சுவாமி பாதத்தில் வைத்து எடுப்பேன். பிரவுசிங் சென்டரில் இருக்கும் பெண் ஒரு நாள் அதை ஸ்கேன் செய்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, கம்ப்யூட்டர்ல பாத்தா சாம்பார் கொட்டுன மாதிரி இருக்குதுண்ணா. மஞ்சள் இல்லாம ஒண்ணு குடுங்க, நான் மெயில் பண்றேன். மஞ்சள் தடவுனத மட்டும் நீங்க சாமிகிட்ட வெச்சுக்குங்க."

அப்படியே செய்தோம். பயோடேட்டா எத்தனையோ ஊருக்குப் போனது. அழைப்பு அபூர்வமாகத்தான் வந்தது. வந்த ஒரு நல்ல அழைப்பை நானே கெடுத்துக்கொண்டேன். முழுக் கதையை இதுவரை வீட்டு ஆட்கள் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு கம்பெனி, மூன்றரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்கே போய்விட்டேன். ஆனால் செவ்வாயன்று மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். இத்தனை நாள் காத்திருந்து கிடைத்ததை ராகு காலத்தில் கால் வைத்துக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றேன். நிறைய பேரை எடுக்கிறார்கள், கொஞ்சம் தாமதமாகப் போனால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலரை அடித்ததும் சிவ சிவா என்று ரோட்டைக் கடந்தேன்.

செக்யூரிட்டி லிஸ்ட்டைப் பார்த்தார். "மூணு வாட்டி உன் பேரக் கூப்ட்டாங்கபா. எங்க போன? எல்லாம் முடிஞ்சி மேனேஜர் கெளம்பிட்டாரு."

வீட்டுக்கு வந்து, வயது அதிகம் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். என் மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். விபூதி பூசிய நெற்றியோடு பொய் சொல்லிவிட்டோமே என்று பல நாள் சுவாமி முன்னால் நிற்கவே கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு புதன்கிழமை பதினோரு மணிக்கு ஒரு இன்டர்வியூ வந்தது. ராகு காலமும் இல்லை, எமகண்டமும் இல்லை. நிம்மதியாகப் போனேன். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அடுத்த இடத்திலும் அதேதான், அதற்கடுத்த இடத்திலும் அதேதான். மச்சான் ஒரு நாள் தறியில் உட்கார்ந்தபடியே சிரித்தான்.

"மாமா, புதன்கெழம பதினோரு மணி குளிகையாச்சே! குளிகையில எது செஞ்சாலும் அதே திரும்பத் திரும்ப வரும். அதான் உனக்கு வேலை வராம இன்டர்வியூ இன்டர்வியூவா வந்துக்கினு இருக்குது."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேலை போன பிறகு வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று மனைவி சொன்னாள்.

பதினாலாவது மாதம் அந்த போன் வந்தது. தாமல் ஏரியைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனி. பாக்கிங் மிஷின்களைப் பார்த்துக்கொள்ள ஃபிட்டர் வேண்டுமாம். பேசிய மேடம், "வெள்ளிக்கிழமை காலையில பதினோரு மணிக்கு வந்துடுங்க சார்" என்றார். சரிங்க மேடம் என்று வைத்துவிட்டேன். பிறகுதான் கண் காலண்டருக்குப் போனது.

"இன்னாங்க, போன் வந்தா சிரிக்கணும். காலண்டரப் பாத்துக்கினு நிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

விஷயத்தைச் சொன்னேன்.

"வெள்ளிக்கெழம பத்தரை டு பன்னெண்டு ராகு காலம் மாமா. போச்சு" என்றான் மச்சான்.

"நீ வாய மூடிக்கினு நெய்யி" என்று அவனை அதட்டினாள் அவள்.

"பன்னெண்டு மணிக்கு மேல வரட்டுமான்னு போன் பண்ணிக் கேக்கறேன்" என்றேன். அப்படிச் சொன்னபோது அந்தச் செவ்வாய்க்கிழமை நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. டீக்கடையில் நின்றதை அப்படியே சொல்லிவிட்டேன்.

அவள் நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தாள். இரண்டு தறியும் நின்றுவிட்டது.

"ஒண்ணரை மணி நேரம் டீக்கடையிலயா நின்னீங்க?"

"ஆமா."

"எத்தினி டீ?"

"மூணு."

மச்சான் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சிரிக்கவில்லை.

"நான் வெள்ளிக்கெழமையானா கோயிலுக்கு எத்தினி மணிக்குப் போறேன்?"

"பத்தரைக்கு மேல."

"எதுக்கு?"

"துர்க்கைக்கு எலுமிச்சம்பழ வெளக்கு போட."

"அத ராகு காலத்துலதான போடணும்? யாருக்காகப் போடறேன்?"

"எனக்காக."

"ராகு காலத்துல போய் அவகிட்ட ஒக்காந்துக்கினு, இந்த மனுசனுக்கு ஒரு வேலை குடும்மான்னு நான் கேப்பேன். அது அவ காதுல விழணும். ஆனா அவ குடுக்கும்போது மட்டும் ராகு காலமா இருக்கக் கூடாதா? அவதான் இன்னாங்க பண்ணுவா, பாவம்!"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். அவள் துர்க்கைக்காகப் பரிதாபப்பட்டுச் சொன்னாள். இத்தனை வருடம் சாமி கும்பிடுகிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஒன்றாகவே வீட்டிலிருந்து கிளம்பினோம். அவள் கூடையில் எலுமிச்சம்பழத்தோடு கோயில் பக்கம் போனாள், நான் பைக்கில் பெங்களூர் ரோட்டுக்குப் போனேன். தாமல் கிட்டே போகும்போது மணி பத்தரை தாண்டிவிட்டது. ஏரியில் நல்ல தண்ணீர். என் கை தானாக ஆக்சிலேட்டரைக் குறைத்தது. பொய் சொல்வானேன், வண்டியை ஓரங்கட்டலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். இந்நேரம் அவள் பழத்தை அறுத்துச் சாறு பிழிந்து, தோலைக் கிண்ணம்போலத் திருப்பித் திரி போட்டுக்கொண்டிருப்பாள். அம்மா, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டேன்.

கம்பெனியில் வரிசையாக நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். ஒன்றிலும் ஆள் இல்லை. போனில் பேசிய மேடம் வந்து பார்த்துவிட்டு, "நீங்க மட்டும்தானா?" என்றார். கையிலிருந்த லிஸ்ட்டைப் புரட்டினார். "ஏழு பேரை வரச் சொன்னேன் சார். நாலு பேர் பன்னெண்டுக்கு மேல வர்றேன்னு போன் பண்ணிட்டாங்க. ரெண்டு பேர் எதிர்ல டீக்கடையில நிக்கிறாங்கன்னு செக்யூரிட்டி சொல்றார்."

எனக்குக் காது வரை சூடேறியது. அந்த இரண்டு பேரும் யார் என்று தெரியாது. ஆனால் அவர்கள் மனசுக்குள் என்ன ஓடிக்கொண்டிருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

வேறு ஆள் இல்லாததால் அவசரப்படவில்லை. மெயின்டனன்ஸ் பார்க்கும் சார் என்னை மிஷின் ஓடும் இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். பிஸ்கட் பாக்கெட் போகிற பெல்ட் ஒன்றில் ஒரு கரகர சத்தம். "இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன். அதன் முனையை ஒவ்வொரு பேரிங் மேலும் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டேன். பதினாலு மாதமாகச் சும்மா இருந்த காது. மறந்திருக்குமோ என்று பயம். மூன்றாவதில் வைத்ததும், பழைய சிநேகிதன் குரல் மாதிரி அந்தச் சத்தம் கேட்டது. இதுதான் சார், கிரீஸ் காய்ந்து உள்ளே தேய்ந்திருக்கிறது என்றேன். பெல்ட்டை நிறுத்திக் கழற்றிப் பார்த்தார்கள். அப்படியேதான் இருந்தது.

"வயசு நாப்பத்தஞ்சா?"

"இன்னும் ஆகல சார். ரெண்டு மாசம் இருக்குது."

"காது நல்லா இருக்குதில்ல, விடுங்க" என்றார்.

இன்னும் சிலரைப் பார்க்க வேண்டும், மொத்தம் இரண்டு பேர் எடுக்கிறோம், திங்கட்கிழமைக்குள் சொல்கிறோம் என்றார்கள். வெளியே வந்து நேராக டீக்கடைக்குப் போனேன். கையில் ஃபைலோடு இருவர் நின்றிருந்தார்கள். ஒருவருக்கு என் வயதுதான் இருக்கும். கையில் டீ.

"உள்ள போங்கபா. அவங்க காத்துக்கினு இருக்காங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் இருவது நிமிஷம் இருக்குதுண்ணே."

"நானும் இப்படி நின்னு ஒண்ண வுட்டவன்தான்பா. சொல்றேன் கேளு, போ."

கூட நின்ற இளையவர் அசையவில்லை. என் வயதுக்காரர் மட்டும் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, எதையோ முணுமுணுத்துக்கொண்டே ரோட்டைக் கடந்தார்.

சனிக்கிழமை சாயந்திரம் போன் வந்தது. ஆறு மாதம் தற்காலிகம், என் வேலை அவர்களுக்குப் பிடித்திருந்தால் நிரந்தரம். சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் கொஞ்சம் குறைவு. "திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கு ஜாயின் பண்ணிடுங்க சார்" என்றார் மேடம். போனை வைத்துவிட்டு சுவாமி முன்னால் விழுந்து எழுந்தேன். எழுந்தால் கண் எதிரே காலண்டர்.

மச்சான் முந்திக்கொண்டான். "திங்கக்கெழம ஏழரை டு ஒம்போது மாமா!"

நான் மனைவியைப் பார்த்தேன். ராகு காலத்தையெல்லாம் தூக்கிப் போடுங்கள் என்பாள் என்று நினைத்தேன். அவளும் கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்தாள்.

"எட்டு மணிக்குன்னா எட்டு மணிக்குள்ள இருக்கணும், அவ்ளோதான?" என்றாள். "ஏழரைக்கு முன்னாடியே கேட்டத் தாண்டி உள்ள போய் ஒக்காந்துக்குங்க. துர்க்கையம்மாளும் ஒண்ணும் சொல்ல மாட்டா, மேடமும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

திங்கட்கிழமை ஏழேகாலுக்கு, டிபன் பையும் நெற்றி நிறைய விபூதியுமாக கேட்டில் நின்றேன். செக்யூரிட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எட்டு மணிக்குத்தான டூட்டி? சரி, போ. ஒனக்கு முன்னாடியே ஒருத்தர் வந்து ஒக்காந்துக்கினு இருக்காரு."

சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில், மடியில் டிபன் பையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். டீக்கடையில் பாதி டீயை வைத்துவிட்டுப் போனாரே, அவர். என்னைக் கண்டதும் எழுந்து நகர்ந்து இடம் விட்டார்.

"ஏழரைக்கு முன்னயே வந்துட்டேண்ணே" என்றார் கூச்சத்தோடு.

"நானுந்தான்பா" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.